நுண்கடன் எந்தப் பகுதி ஏழை வீடுகளை எட்டியிருக்கிறது என்று எப்படி அளப்பது?

கேள்வியின் சுருக்கம் இது: நுண்நிதி நிறுவனங்களின் (அடமானமின்றிச் சிறுகடன் தருபவை) கிளைப் பட்டியலும் மாவட்டவாரியான கடன் கணக்கு எண்ணிக்கையும் கையில் இருக்கின்றன. இந்த இரண்டையும் வைத்து, எந்தப் பகுதியில் எவ்வளவு ஏழைக் குடும்பங்களுக்கு நுண்கடன் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று வரைபடம் போட முடியுமா?

போடலாம். ஆனால் நிறுவனங்கள் எங்கே வேலை செய்கின்றன என்பதைத்தான் அது காட்டும். ஏழை வீடுகளுக்குக் கடன் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, ஒவ்வொரு பகுதியிலும் ஏழைக் குடும்பங்கள் எத்தனை என்ற எண்ணிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கடன் எண்ணிக்கை அதற்கப்புறம்தான். நான் பார்த்த பல அறிக்கைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. கிடைக்கிற தரவை முதலில் வரைந்துவிட்டு, கீழே எதைக் கொண்டு வகுப்பது என்பதைக் கடைசியில் யோசிக்கிறார்கள்.

முதலில் உங்களிடம் இருக்கும் கணக்கு எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். ஒரு மாவட்டத்தில் 12,000 ஏழைக் குடும்பங்கள், 9,000 நுண்கடன் கணக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக வகுத்தால் 75 சதவீதம் வரும். அபாரமான பரவல்போலத் தெரியும். இப்போது ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். கடன் வாங்கியவர்கள் சராசரியாக ஆளுக்கு ஒன்றரைக் கணக்கு வைத்திருந்தால், 9,000 கணக்குக்குப் பின்னால் இருப்பவர்கள் 6,000 பேர். சில வீடுகளில் மாமியாரும் மருமகளும் தனித்தனியாக வாங்கியிருப்பார்கள். அதைக் கழித்தால் 5,400 வீடுகள் என்று வைப்போம். அந்த வீடுகளில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவை 45 சதவீதம் என்றால் 2,430 வீடுகள். 12,000-இல் 2,430 என்பது 20 சதவீதம். இது கற்பனைக் கணக்குதான். ஆனாலும் 75-க்கும் 20-க்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைப் பாருங்கள். இந்த மூன்று கழிவுகளும் எல்லா மாவட்டத்திலும் ஒரே அளவில் இருக்காது என்பது இன்னும் பெரிய சிக்கல். போட்டி அதிகமுள்ள பகுதியில் ஒருவருக்கு மூன்று கணக்கு இருக்கும், ஒரே ஒரு நிறுவனம் போகும் பகுதியில் ஒன்றுதான் இருக்கும். அதனால் பகுதிகளின் தரவரிசையே மாறிவிடும். மொத்தத் தொகை தப்பாக இருந்தாலும் ஒப்பீடாவது சரியாக வருமே என்று ஆறுதல் கொள்ள வழியில்லை.

சுயஉதவிக் குழுக்களில் தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. இந்தியாவில் நபார்டு என்ற ஊரக வளர்ச்சி வங்கி 1992-இல் 500 குழுக்களோடு சோதனையாகத் தொடங்கிய குழு-வங்கி இணைப்புத் திட்டத்தில், வங்கி ஏட்டில் ஒரு குழுவுக்கு ஒரு கடன் கணக்குதான். பின்னால் பத்திலிருந்து இருபது வீடுகள் இருக்கலாம். நிறுவனக் கணக்கையும் குழுக் கணக்கையும் அப்படியே கூட்டினால், ஒரு பக்கம் மிகையாகவும் மறுபக்கம் குறைவாகவும் எண்ணிய இரண்டைக் கலந்ததாகிவிடும். குழுக்கள் அடர்த்தியாக உள்ள பகுதி காலியாகத் தெரியும்.

யாரை நுண்கடன் தருபவர் என்று எண்ணுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். 2015-இல் பந்தன் என்ற நுண்நிதி நிறுவனம் முழு வங்கியானது. அதே ஆண்டு செப்டம்பரில் சிறுநிதி வங்கி தொடங்க ரிசர்வ் வங்கி கொள்கையளவில் ஒப்புதல் தந்த 10 நிறுவனங்களில் 8 நுண்நிதி நிறுவனங்கள். அந்தக் கடன்கள் எங்கும் போய்விடவில்லை, வேறு பட்டியலுக்கு மாறின. நுண்நிதி நிறுவனப் பட்டியலை மட்டும் வைத்து 2014-ஐயும் 2018-ஐயும் ஒப்பிடுபவருக்கு, சில பகுதிகளிலிருந்து நுண்கடன் பின்வாங்கியதுபோலத் தோன்றும். கள நிலவரம் அப்படி இல்லை.

அடுத்தது, வாங்கியவர்களில் ஏழை யார் என்பது. 'நுண்கடன் வாங்கியவர் என்றாலே ஏழைதானே' என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன் நுண்நிதிக் கடன். இது கடனை வகைப்படுத்துவதற்கான வரம்பு. வறுமைக் கோடு இதைவிடக் கீழே இருப்பதால், இந்த வரம்புக்குள் வறுமைக்கு மேலே இருக்கும் குடும்பங்களும் நிறைய வரும். பொலிவியாவின் லா பாஸ் நகரில் ஐந்து நுண்நிதி நிறுவனங்களின் வாடிக்கையாளர்களை ஆராய்ந்து 2000-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அந்த நிறுவனங்கள் பெரும்பாலும் எட்டியது வறுமைக் கோட்டை ஒட்டி, சற்று மேலும் கீழுமாக இருந்தவர்களை. அடிமட்ட ஏழைகள் அதில் குறைவு.

இதை அளக்க ஓரளவு மலிவான கருவி இருக்கிறது. மார்க் ஷ்ரைனர் வடிவமைத்த வறுமை மதிப்பெண் அட்டையில் பத்துக் கேள்விகள். வீட்டில் எத்தனை பேர், கூரை எதனால் ஆனது, என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்ற மாதிரி, பார்த்தாலே சரிபார்க்கக் கூடியவை. மொத்த மதிப்பெண்ணுக்கு, அந்தக் குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பதற்கான நிகழ்தகவு இவ்வளவு என்று அட்டவணை இருக்கும். இது தனி வீட்டுக்கு முத்திரை குத்துவதற்கானது அல்ல. நூற்றுக்கணக்கான வீடுகளின் நிகழ்தகவைச் சராசரி எடுத்தால், அந்தக் கூட்டத்தில் எத்தனை சதவீதம் ஏழைகள் என்ற மதிப்பீடு கிடைக்கும், அவ்வளவுதான். புவியியல் ஒப்பீட்டுக்கு இதைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அட்டை வழக்கமாகத் தேசிய அளவிலான ஆய்வுத் தரவில் பொருத்தப்படுகிறது. மலைப்பகுதியில் கூரைக்கும் வறுமைக்கும் உள்ள தொடர்பு சமவெளியில் உள்ளது போலவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டு பகுதிகளுக்கு இடையே தெரியும் வித்தியாசத்தில் கொஞ்சம் அட்டையின் பிழையாகவும் இருக்கலாம். அதோடு, அட்டையை நிரப்புவது கடன் வழங்கும் கள அலுவலரே என்றால், நிறுவனத்துக்கு எந்த விடை பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். வெளியாட்களைக் கொண்டு ஒரு பகுதியையாவது மறுபடி கேட்டுப் பாருங்கள்.

சுயஅறிக்கைகளை நம்பி உலக அளவில் கணக்கு போட்டது உண்டு. 1997-இல் வாஷிங்டனில் கூடிய நுண்கடன் உச்சி மாநாடு, 2005-க்குள் உலகின் மிக வறிய 10 கோடிக் குடும்பங்களை எட்டுவது என்று இலக்கு வைத்தது. 2007 முடிவில் அந்த எண்ணைத் தாண்டிவிட்டதாக அதன் அறிக்கை சொன்னது. பெரும்பாலும் நிறுவனங்கள் தாமே அனுப்பிய எண்களின் தொகுப்பு அது. மிக வறியவர் என்பதற்கு வரையறை இருந்தது, ஆனால் எல்லா நிறுவனங்களும் அதை அளந்து பார்த்து அனுப்பவில்லை. அந்த முயற்சியைக் குறைத்துப் பேச மாட்டேன். மிக வறியவர்கள் எங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், எட்டப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கண்டம்வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது அதுதான். ஆசியாவில் குவிந்திருப்பதும் ஆப்பிரிக்காவில் இடைவெளி இருப்பதும் அதில் ஒரு பார்வையில் தெரிந்தன. வகுக்கும் எண்ணைச் சேர்த்து வைத்ததால் வந்த தெளிவு அது.

சரி, அந்த வகுக்கும் எண் எங்கே கிடைக்கும்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லா வீடும் இருக்கும், வருமானமோ செலவோ இருக்காது. நுகர்வுச் செலவு ஆய்வில் வறுமை அளவு இருக்கும், ஆனால் மாதிரி சிறியது என்பதால் மாநில அளவுக்குக் கீழே போனால் நடுங்கத் தொடங்கும். இரண்டையும் இணைக்க எல்பர்ஸ், லான்ஜோ, லான்ஜோ மூவரும் 2003-இல் வெளியிட்ட முறை இன்றும் பலர் கையாள்வது. ஆய்வுத் தரவில் வீட்டின் இயல்புகளுக்கும் செலவுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்து, அதைக் கணக்கெடுப்பில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் பொருத்தி, சிறு பகுதிவாரியாக ஏழ்மையை மதிப்பிடுவது. கணக்கெடுப்பு பழையதாகிவிட்டால் இதுவும் பழையதுதான். அந்த இடத்தில் செயற்கைக்கோள் படமும் கைப்பேசித் தொடர்புத் தரவும் உதவுகின்றன. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு 135 நாடுகளுக்கு 2.4 கிலோமீட்டர் கட்டங்களாகச் செல்வநிலையை மதிப்பிட்டிருக்கிறது. ஆனால் அது அந்தந்த நாட்டுக்குள் ஒப்பீட்டு நிலை மட்டுமே. இத்தனை குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று அதிலிருந்து நேராக எடுக்க முடியாது.

பல நாடுகளில் நடத்தப்பட்ட மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வின் இருப்பிடப் புள்ளிகளைக் கொண்டு கிளைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை அளப்பவர்களைப் பார்க்கிறேன். அந்தரங்கத்தைக் காக்க அந்தப் புள்ளிகளை வேண்டுமென்றே நகர்த்தி வெளியிடுகிறார்கள்: நகரில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் 5 கிலோமீட்டர் வரை, கிராமப் புள்ளிகளில் நூற்றில் ஒன்றை 10 கிலோமீட்டர் வரை. ஐந்து கிலோமீட்டரே முடிவைத் தீர்மானிக்கும் கேள்விக்கு அந்தப் புள்ளிகள் உதவாது.

என் அனுபவத்தில் மிக அதிகமாகத் தவறுவது அலகில்தான். மாவட்டம் என்பது நிர்வாக வசதிக்கான எல்லை. நுண்கடன் மாவட்டம் பார்த்து ஓடுவதில்லை. கிளையிலிருந்து கள அலுவலர் வண்டியில் கிளம்பி, கடன் வாங்கியவர்கள் கூடித் தவணை கட்டும் மையக் கூட்டங்கள் இரண்டு மூன்றைக் காலையில் முடித்து, வசூல் பணத்தோடு கிளைக்குத் திரும்ப வேண்டும். அவர் போய்வரக் கூடிய தூரம்தான் கடனின் உண்மையான எல்லை. சிறிய கடனுக்கும் பெரிய கடனுக்கும் அவர் செலவிடும் நேரம் ஏறக்குறைய ஒன்றே என்பதால், வீடுகள் நெருக்கமாக உள்ள ஊரில் மையம் கட்டுப்படியாகும். சாலை முடிந்தபிறகு இருபது வீடுகள் சிதறிக் கிடக்கும் குடியிருப்பில் கட்டுப்படியாகாது. ஒரே மாவட்டத்துக்குள் சாலையோர ஊர்களில் நாலைந்து நிறுவனங்கள் மோதிக்கொண்டிருக்க, உள்ளே ஒன்றுகூட எட்டிப் பார்க்காத குக்கிராமங்கள் இருப்பது இதனால்தான். மாவட்டச் சராசரி இந்த இரண்டையும் சேர்த்து மென்று விழுங்கிவிடும். வறிய மாவட்டத்தில் கடன் அதிகம் என்பதால் அங்குள்ள வறியவருக்குக் கடன் போனது என்று சொல்வது அடிப்படையிலேயே தவறு. அந்த மாவட்டத்தின் வசதியானவர்களுக்குப் போயிருக்கலாம்.

எனவே கிளையின் முகவரியைத் தள்ளி வைத்துவிட்டு, கடன் வாங்கியவரின் ஊர் அல்லது அஞ்சல் குறியீட்டைக் கேளுங்கள். எல்லையோர நகரத்துக் கிளை, பக்கத்து மாவட்டத்து ஊர்களுக்கும் கடன் தரும். கிளை முகவரியில் வரைந்தால் அந்த ஊர்கள் வெறுமையாகத் தெரியும். ஊர்த் தரவு கிடைக்கவே இல்லை என்றால், சாலைவழிப் பயண நேரத்தைக் கொண்டு ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சேவை வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு அந்தக் கிளையின் கடன்களைப் பங்கிட்டு, பிறகு ஒவ்வொரு ஊரின் பக்கமிருந்தும் அது எந்தெந்த வட்டங்களுக்குள் வருகிறதோ அவற்றின் பங்குகளைக் கூட்டலாம். மருத்துவ வசதியின் எட்டும் தன்மையை அளக்க லுவோ, வாங் இருவரும் 2003-இல் கொண்டுவந்த இரண்டு படி முறை இதுதான். நுண்கடனுக்கு நன்றாகவே பொருந்தும். நேர்கோட்டுத் தூரத்தைப் பயன்படுத்தாதீர்கள். ஆறு குறுக்கே ஓடும் இடத்தில் அக்கரை இரண்டு கிலோமீட்டராகத் தெரியும், பாலம் வழியாகச் சுற்றினால் முப்பது.

தூரம் மட்டுமே தடை என்றும் எண்ணிவிடக் கூடாது. வங்கதேசத்தில் கிராமீன், பிராக், ஆசா என்ற மூன்று பெரிய நுண்கடன் அமைப்புகளும் மூலை முடுக்கெல்லாம் போயிருக்கின்றன. அப்படியும் வடமேற்கில், அறுவடைக்கு முந்திய வேலையற்ற மாதங்களில் பட்டினி வரும் ரங்பூர் பகுதியில், வாராந்திரத் தவணைக் கடன் வறிய வீடுகளுக்கு ஒத்துவரவில்லை. அந்த மாதங்களில் தவணைக்குப் பணம் எங்கிருந்து வரும்? 2006-இல் அரசின் பிகேஎஸ்எஃப் அமைப்பு லால்மனிர்ஹாட்டில் தொடங்கிய திட்டம், பருவத்துக்கேற்பத் தவணையை வளைத்துக் கொடுத்தது. குழு உறுப்பினர்களே 'அவளால் கட்ட முடியாது' என்று மிக ஏழையைச் சேர்க்காமல் விடுவதும் உண்டு. அதனால் 'சேவை வட்டத்துக்குள் இருக்கும் ஏழை வீடுகள்', 'உண்மையில் கடன் வாங்கிய ஏழை வீடுகள்' என்று இரண்டு வரைபடங்கள் தனித்தனியாக வேண்டும். முதலாவதில் நிறைந்தும் இரண்டாவதில் வெறுமையாகவும் இருக்கும் இடங்களில் புதுக் கிளை திறந்து பயனில்லை. கடனின் வடிவத்தைத்தான் மாற்ற வேண்டும், அல்லது அங்கே தேவைப்படுவது கடனே இல்லை. கடனைத் தாங்க முடியாத வீடுகளுக்கென்று பிராக் 2002-இல் சொத்தை மானியமாகக் கொடுக்கும் தனித்திட்டம் தொடங்கியதும் இந்தப் புரிதலில்தான்.

நேரில் போய்க் கேட்டால் தீர்ந்ததே என்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் கடனைப் பற்றி மக்கள் எல்லாவற்றையும் சொல்வதில்லை. தென்னாப்பிரிக்காவில் கார்லன், சின்மன் இருவரும் நிறுவன ஏட்டையும் வீட்டு ஆய்வையும் ஒப்பிட்டபோது, அண்மையில் அதிக வட்டிக்குக் கடன் வாங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அதைச் சொல்லவில்லை. வீட்டுத் தலைவரென்று ஆணிடம் கேட்டால், மனைவியின் பெயரிலுள்ள குழுக்கடன் விட்டுப்போகும். அதனால் பெண்களிடம், தனியாக, நிறுவனங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள். இந்தியாவின் 2019 கடன்-முதலீட்டு ஆய்வு, கிராமக் குடும்பங்களில் 35 சதவீதமும் நகரக் குடும்பங்களில் 22.4 சதவீதமும் கடனில் இருப்பதாகச் சொன்னது. மிகப் பயனுள்ள ஆய்வு, ஆனால் உங்களுக்குத் தேவையான ஊர் அளவுக்கு அதைப் பிரிக்க முடியாது. அப்படிப் பிரித்து வண்ணம் தீட்டிய வரைபடங்களை நம்பாதீர்கள்.

ஒவ்வொருவரும் எங்கெங்கே கடன் வாங்கியிருக்கிறார் என்று பதிந்துவைக்கும் கடன் தகவல் நிறுவனங்களின் தரவு கிடைத்தால் அதுதான் தங்கம். ஒருவருக்கு எத்தனை கடன் என்பதை நேராக எண்ணலாம். இந்தியாவில் இந்தத் தரவுக்கு முக்கியத்துவம் வந்ததே ஒரு பேரிடருக்குப் பின்னால்தான். 2006-இல் ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்திலும் 2009-இல் கர்நாடகத்தின் கோலாரிலும் நுண்கடன் நெருக்கடியின் அறிகுறி தெரிந்தது. 2010 அக்டோபரில் நுண்நிதி நிறுவனங்களைக் கட்டுப்படுத்த ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்ததும் வசூல் ஏறக்குறைய நின்றுபோனது. ஒரே வீட்டில் பல நிறுவனங்களின் கடன் குவிந்திருந்த பகுதிகள் அவை. வரைபடத்தில் அடர்வண்ணமாக, 'நன்றாக எட்டப்பட்ட' பகுதிகளாகத் தெரிந்திருக்கும். நுண்நிதித் துறையை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழுவின் 2011 அறிக்கைக்குப்பின், ஒருவருக்கு இரண்டு நுண்நிதி நிறுவனங்களுக்குமேல் கடன் தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்தது. ஆகவே எட்டிய விகிதத்தோடு, கடன் வாங்கிய வீட்டுக்குச் சராசரி எத்தனை நிறுவனம் என்பதையும், தவணைகள் மாத வருமானத்தில் எவ்வளவு என்பதையும் கட்டாயம் சேர்த்து வரையுங்கள். 2022 விதியில் அந்தப் பங்குக்கு 50 சதவீதம் உச்சவரம்பு. அதை நெருங்கும் ஊர்களை வெற்றிக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வராது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், மாநிலம் முழுவதையும் ஒரே மூச்சில் வரையமாட்டேன். இருக்கும் மாவட்டத் தரவில் ஓர் எளிய விகிதம் போடுவேன்: மாநிலத்தின் மொத்த நுண்கடன் வாங்கியவர்களில் அந்த மாவட்டத்தின் பங்கு, வகுத்தல் மாநிலத்தின் மொத்த ஏழைக் குடும்பங்களில் அந்த மாவட்டத்தின் பங்கு. ஒன்றுக்கு மேலே என்றால் கடன் அங்கே குவிகிறது, கீழே என்றால் விடுபடுகிறது. இது விடையில்லை, எங்கே போய்ப் பார்ப்பது என்று காட்டும் அளவுதான். அதில் மேலே இரண்டு, நடுவில் இரண்டு, கீழே இரண்டு மாவட்டங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் சாலையோர ஊர்கள், சாலையிலிருந்து விலகி உள்ளே இருக்கும் ஊர்கள் என்று பிரித்து, ஊர்களைக் குலுக்கலில் தேர்ந்து, வீடுகளை எல்லாம் பட்டியலிட்டபிறகு மாதிரி எடுப்பேன். நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து மாதிரி எடுத்தால் விடுபட்டவர்கள் ஒருபோதும் அகப்பட மாட்டார்கள். பத்துக் கேள்வி அட்டை, பெயர் சொல்லிக் கேட்கும் கடன் பட்டியல், தவணைத் தொகை, கடன் வாங்காதவரிடம் 'ஏன் வாங்கவில்லை' என்ற கேள்வி, இவை போதும். மையக் கூட்டத்துக்கு அவர் நடக்கும் நேரத்தையும் கேளுங்கள். முடிவை வெளியிடும்போது ஒவ்வொரு சதவீதத்தோடும் பிழை எல்லையைக் கொடுங்கள். முப்பது வீடுகளிலிருந்து வந்த எண்ணுக்குத் தனி வண்ணம் கொடுக்காமல் 'போதிய தரவு இல்லை' என்று சாம்பல் நிறத்தில் விடுங்கள். ஆட்களும் பணமும் குறைவு என்றால் மாவட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் ஊர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.